எட்டு அங்குலப் பூம்பாறை

பகலெல்லாம் சங்கிலி இழுத்த கை
ராத்திரி ஊசி பிடிக்கிறது.
மன்னவனூர்ச் சாலையில் திரும்பும் லாரியின் வெளிச்சம்
வாடகை அறைச் சுவரில்
ஒருமுறை நடந்து போகிறது.
கம்பளிக்குள் கால்.
மடியில்
எட்டுக்கு எட்டு அங்குலத்தில் ஒரு ஊர்.

நான் சர்வேயர். அருப்புக்கோட்டைக்காரி.
எங்கள் பக்கத்து நிலம் படுத்தே கிடக்கும்.
நாலு கல் நட்டால் நாலு மூலை,
சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடியும்.
இங்கே அரை சென்ட் கூட
நின்றுகொண்டுதான் இருக்கிறது.
வந்த புதிதில் நிலத்தைப் பார்க்கவே
கழுத்து வலித்தது.

வானத்துக்கு என் பழைய நைட்டியின் கை.
பூண்டு வயலுக்குப் பள்ளிச் சீருடைப் பச்சை,
தையல்கடை குப்பைக்கூடையில் பொறுக்கியது.
உருளை தோண்டிய மண்ணுக்கு
யாரோ போலீஸ்காரரின் வெளுத்த காக்கி.
ஒவ்வொரு படிக்கும் ஒரு வரிசை ஓட்டுத்தையல்,
நேராகப் போட்டால் பொய்யாகத் தெரிகிறது,
குளிரில் விரல் நடுங்கிக் கோணியதுதான்
வரப்பு மாதிரி வருகிறது.

மேகம் மட்டும் சிக்கவில்லை.
கொசுவலை வைத்தேன்: கொசுவலையாகவே இருந்தது.
வேட்டிக் கிழிசல்: கோயில் திரை.
சுகாதார நிலையத்து ஜெசிந்தா
ஒரு முழம் கட்டுத்துணி கொடுத்தாள்.
"புண்ணுக்கு வெச்சிருக்கறது, கேட்டா நான் தரலே."
மூன்று வயல் மேல் அதைப் போட்டேன்.
பிற்பகல் மூன்றரை மணி ஆகிவிட்டது.

கோப்பு என்னாச்சு என்று கேட்க வந்த குழந்தைவேலு
மேசையில் கிடந்ததைப் பார்த்தார்.
யாரும் சொல்லவில்லை.
கட்டைவிரலைக் கொண்டுபோய்
தன் வயலின் மேல் வைத்தார்.
"இந்தப் பச்சை தப்பு. நேத்தே பிடுங்கிட்டோம்."
பிறகு குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு,
"தம்பி பக்கம் ஒரு நூல் தள்ளிப் போயிருக்கே, மேடம்?"

எப்படிச் சொல்வது அவருக்கு.
சரிவில் முப்பது அடி ஏறிக் களை எடுத்தாலும்
படத்தில் இருபத்தாறுதான் ஏறும்.
சட்டம் தரையை மட்டமாகத்தான் பார்க்கும்.
மிச்ச நாலடியில் பூண்டு விளையும்,
பட்டா விளையாது.

துணியிலும் அந்தக் கதைதான்.
ஒரு அங்குல வயல் தெரிய வேண்டுமென்றால்
ஒன்றரை அங்குலம் வெட்ட வேண்டும்.
சுற்றிலும் கால் அங்குலம்
உள்ளே மடிந்து காணாமல் போகும்.
கொடுக்காத துண்டு நிற்காது.
இரண்டு துவைப்புக்குள் இழை பிரிந்து
வரப்போடு வந்துவிடும்.

இதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னேன்.
கேட்டுக்கொண்டார்.
"துணிக்குச் சரிதான்" என்றார்.
செருப்பை மாட்டும்போது இன்னொரு தடவை,
"துணிக்கு."

அன்றிரவு அந்த ஒரு வரப்பைப் பிரித்தேன்.
அவருக்காக இல்லை, பச்சை உண்மையிலேயே தப்பு.
காக்கியில் இன்னொரு துண்டு வெட்டி
பழைய துளைகளைத் தேடித் தேடித்
தைத்து முடிக்கையில்
பால் வண்டி வந்துவிட்டது.

மறுநாள் காலை தங்கமாயன்.
தம்பிக்காரன்.
குல்லாய்க்குள் இருந்து இரண்டு கண்.
"அண்ணன் வந்தாராமே.
துணியில் எனக்கு எவ்வளவு வந்திருக்கு?"

பதில் சொல்லாமல்
துணியைத் திருப்பிக் காட்டினேன்.
அடிப்பக்கம்: முடிச்சு, தொங்கும் நூல்,
நைட்டிக் கையின் அக்குள் கறை.
நடுவில் அந்த வரப்பு.
இரண்டு பக்கத்துக் கால் அங்குலமும்
ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

வெகுநேரம் பார்த்தான்.
நகத்தால் மெல்ல நெம்பியும் பார்த்தான்.
பிறகு கேட்டான்:

"இதுலே மேலே இருக்கிறது
யாருது?"